மரவில்லுக்குக் காகிதப் பூண்

இந்திய வில்வித்தைச் சங்கம் 1973-இல் தோன்றியது. நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ என்னும் பிரிவு, 50, 30 மீட்டர் தொலைவுகளில் மூங்கில் வில்லைக் கொண்டு நடத்தப்பெறுகிறது. மூங்கிலின் புறப்பகுதி இழுவிசையை இயல்பாகவே தாங்க வல்லது. அதற்குப் பூண் தேவையில்லை. அறுத்த பலகையில் வில் செய்யும்போதுதான் சிக்கல் எழுகின்றது.

வில்லை வளைக்கையில் எய்பவரை நோக்கிய பக்கம் அமுங்குகிறது. இலக்கை நோக்கிய முதுகு இழுபடுகிறது. இரம்பம் மரத்தின் இழைகளைக் குறுக்கே வெட்டியிருப்பின், முதுகில் இழைமுனைகள் வெளிப்பட்டு நிற்கும். அங்கு ஒரு சிராய் எழும்பினால் வில் முறிந்து, துண்டு மாணவன் முகத்தில் தெறிக்கவும் கூடும்.

முதுகில் இரண்டு மூன்று அடுக்குப் பழுப்புப் பொதிகாகிதத்தை வச்சிரப் பசையால் ஒட்டுவது மலிவான காப்பு. இதனால் வில்லின் வலு பெருகும் என்று எண்ணுவதற்கில்லை. சிராயை எழவிடாது அழுத்திப் பிடிப்பதே காகிதத்தின் பணி. முடிச்சும் வெடிப்பும் உள்ள பலகையை அது காக்காது. அத்தகைய பலகையை வாங்காமலிருப்பதே சிக்கனம்.

ஆலைக் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். கிழித்துப் பார்த்தால் நேராகக் கிழியும் திசையே நாரின் திசை. அது வில்லின் நீளவாக்கில் அமைதல் வேண்டும். சாங்கானேரில் பருத்திக் கந்தலிலிருந்து செய்யப்பெறும் கைக்காகிதத்தில் நார்கள் பல திசைகளிலும் கிடப்பதால், கிராமத் தொழில்மீது எத்துணைப் பரிவு இருப்பினும், இப்பணிக்குப் பொதிகாகிதமே பொருந்தும். ஒவ்வோர் அடுக்கிலும் சுருக்கமும் காற்றுக் குமிழும் இன்றித் தேய்த்து ஒட்ட வேண்டும். பசை முற்றும் உலர்ந்த பின்னரே நாணேற்றலாம். ஈரம் காகிதத்தையும் வச்சிரத்தையும் இளக்கிவிடுமாதலால், மேலே வார்னிஷ் பூசுதல் இன்றியமையாதது.