அடிக்கடி நின்றுபோகும் கணிப்பொறி: ஓர் ஆய்வுக் குறிப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

உறையூருக்குத் தறி புதியதன்று. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பு 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துணியைப் பற்றிப் பேசுகிறது. அவ்வூர் உறையூரே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. இந்தப் பெருமைக்கும் எங்கள் வீட்டுக் கணிப்பொறி கெட்டதற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

என் தந்தையார் கைத்தறி நெசவாளர். தாயார் தார் சுற்றுவார். 2021-இல், ஊரடங்கினால் பள்ளிப் பாடமெல்லாம் திரைக்குள் போய்விட்டபோது, எங்கள் தெருவில் மூடப்பட்ட ஓர் இணைய மையத்திலிருந்து 4,500 ரூபாய்க்கு இந்தக் கணிப்பொறியை வாங்கினார்கள். திரை, விசைப்பலகை எல்லாம் சேர்த்து அந்த விலை. இரண்டு கருக்கள் கொண்ட பழைய செயலி. இரண்டு ஜிபி நினைவகப் பட்டை இரண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை அது ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை.

சென்ற ஆனி மாதத்தில்தான் தொல்லை தொடங்கியது. பைத்தான் மொழியில் பயிற்சி எழுதிக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று நீலமாகும். வருத்தம் தெரிவிக்கும் ஒரு முகக்குறி தோன்றும். பின்னர்த் தானாகவே அணைந்து எழும். எழுதியவை போய்விடும். ஒருநாளில் நான்கு முறைகூட இவ்வாறு நேர்ந்தது. கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும், 6,500 ஆகும்" என்றார் அங்கிருந்தவர். அவர் கடையில் இருந்த அந்தப் பத்து நிமிடமும் அது நிற்கவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தந்தையார் சங்கத்தில் முன்பணம் கேட்கலாமா என்று யோசித்தார். ஏற்கெனவே அக்காவின் பிரசவச் செலவு முன்னால் நின்றது. ஒரு மாதம் பொறுங்கள், நானே பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.

முதலில் நீலத்திரை என்பது என்ன என்று அறிந்துகொள்வது நலம். அது நோயன்று, நோயின் அறிவிப்பு. விண்டோஸ் இயக்கமுறையின் உட்கருவில் சரிசெய்ய இயலாத முரண்பாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், தொடர்ந்து இயங்கிக் கோப்புகளைப் பாழாக்குவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அது தானே நிறுத்திக்கொள்கிறது. காரணம் மென்பொருளாகவும் இருக்கலாம், வன்பொருளாகவும் இருக்கலாம். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களில் இதே நீலத்திரை தோன்றியது. நம் நாட்டிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் தரப்பட்டன. அன்று காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பு. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் அதனால் நின்றன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அக்கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. ஒரே திரைதான், ஆனால் என் கணிப்பொறியில் எந்தக் கோப்பை நீக்குவது?

திரையின் அடியில் பிழையின் பெயர் இருக்கும். தானே அணைந்து எழும் ஏற்பாட்டை அமைப்புகளில் நிறுத்திவிட்டால் அதை நிதானமாகப் படிக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள், நேரம், ஓடிய மென்பொருள், பிழைப்பெயர் ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தன. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது ஒன்று. நினைவகக் கணக்கு ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்றது இன்னொன்று. எப்போதும் இருக்கவேண்டிய இடத்தில் தேடிய பக்கம் இல்லை என்பதாகும். மூன்றாவது 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. தொடக்கூடாத முகவரியை ஏதோ ஓர் இயக்கி தொட்டுவிட்டது என்கிறது. ஒரே இயக்கி மென்பொருள் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயரும் ஒரே கோப்பும் திரும்பத் திரும்ப வரும். பெயர்கள் இப்படிச் சிதறினால் வன்பொருளை, அதிலும் நினைவகத்தை, ஐயுறவேண்டும். மென்பொருளைக் குறைத்து இயக்கும் பாதுகாப்பு முறையிலும் அது விழுந்தது. ஆகவே ஐயம் வலுத்தது.

ஆனால் என் மனம் வெப்பத்தின்மேல் சென்றது. நோட்டைப் பார்த்தால் விழுந்த நேரமெல்லாம் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கூரையில்லாத கோயிலில் வீற்றிருக்கும் வெக்காளியம்மனுக்கே அது தெரியும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்தது. செயலியின் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையே பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. தறிவீட்டுக் காற்றில் பஞ்சுத்தூள் எப்போதும் மிதக்கும். விசிறி அதை நான்காண்டுகளாக உறிஞ்சியிருக்கிறது. தூரிகையால் நீக்கி, காய்ந்துபோன வெப்பப்பசையைத் துடைத்துப் புதிது தடவினேன். செலவு 100 ரூபாய். செயலியின் வெப்பநிலை 86 டிகிரியிலிருந்து 61-க்கு இறங்கியது. நோய் தீர்ந்தது என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன். மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு நீலத்திரை.

அடுத்து மின்வழங்கி. அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். வெளியே தொங்கும் நான்குமுனை இணைப்பிலேயே அளக்கலாம். மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டும் சிவப்பில் 5 வோல்ட்டும் இருக்கவேண்டும். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். எனக்குக் கிடைத்தவை 11.9, 5.05. குறையில்லை. மதர்போர்டில் மேற்புறம் உப்பிய மின்தேக்கிகளும் இல்லை.

இனி நினைவகம். 'மெம்டெஸ்ட்' என்னும் சோதனை மென்பொருளை விரலி ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து கணிப்பொறியை எழுப்பினால், விண்டோசின் உதவியின்றியே நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும். பல மணிநேரம் ஆகும் என்பதால் இரவு ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் நான்கு சுற்று முடிந்து ஒரு பிழையும் இல்லை. மறுநாள் இரவும் அவ்வாறே. நினைவகம் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். இந்த ஆய்விலேயே நான் செய்த பெரிய தவறு அந்த அடிக்கோடுதான். அதன்பின் வட்டைச் சோதித்தேன், விண்டோசை அழித்துப் புதிதாக நிறுவினேன். இரண்டு வாரம் வீணாயிற்று.

விடையைத் தந்தவர் என் தாயார். ஆடிப்பெருக்கை ஒட்டிப் பாவும் தீர்ந்து, அடுத்த பாவுக்கு நூல் வராமல், தறி நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் ராட்டையின் முன் உட்கார்ந்தபடியே, "தறி ஓடாத நாலு நாளும் உன் பொட்டி நிக்கவே இல்லையே, கவனிச்சியா?" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மை. அந்த நான்கு நாளும் வெயில் குறையவில்லை; நான் வேலை செய்த நேரமும் குறையவில்லை. விழுந்த கணக்கு மட்டும் சுழியம்.

பின்னோக்கி யோசித்தபோது எல்லாம் பொருந்தியது. முன்பு கணிப்பொறி முன்னறையில் இருந்தது. வளைகாப்பு முடிந்து அக்கா பிரசவத்துக்கு வந்தபோது முன்னறையை அவளுக்கு விட்டுக்கொடுத்து, கணிப்பொறியைத் தறியறைக்கு மாற்றினோம். இடம் போதாமல் அது இருந்த பெஞ்சியைத் தறியின் மரச்சட்டத்தோடு ஒட்டிப் போட்டிருந்தோம். தொல்லை தொடங்கியது அந்த வாரத்தில். நோட்டில் நேரத்தையும் மென்பொருளையும் எழுதினேனே தவிர, வீட்டில் என்ன மாறியது என்று எழுதவில்லை. தந்தையார் தறிக்குழியில் இறங்குவது பதினொரு மணிக்கு. ஏறுவது ஐந்து மணிக்கு. நான் வெயிலின் நேரம் என்று எண்ணியது தறியின் நேரம். இரவில் செய்த சோதனை தேறியதும் அதனால்தான். கடையில் பத்து நிமிடம் நிற்காமல் ஓடியதும் அதனால்தான்.

ஊகத்தைச் சோதிக்கவேண்டுமல்லவா? மறுநாள் பகலில் மெம்டெஸ்டை ஓடவிட்டுத் தந்தையாரைத் தறி நெய்யச் சொன்னேன். நாடா ஓடி, பலகை அடிக்கும் ஒவ்வோர் அடியும் பெஞ்சியில் கை வைத்தால் தெரியும். ஒன்பதாம் நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் ஓடத் தொடங்கின. நிறுத்தச் சொன்னேன், புதிய வரிகள் வரவில்லை. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே முடிவு. எனக்கு ஒரே மகிழ்ச்சி. தந்தையார் முகம் மட்டும் வாடிவிட்டது. "ஏம்மா, நான் தறி போடறதுதான் உன் படிப்புக்கு ஆகலையா?" என்றார். அன்று மாலையே நான் பயிற்சி எழுதி முடிக்கும்வரை அவர் தறியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது. இதற்குமேல் தாமதிக்க எனக்கு மனமில்லை.

தறி அதிர்ந்தால் கணிப்பொறி ஏன் பிழைபட வேண்டும்? நினைவகப் பட்டையின் விளிம்பில் 240 தொடுமுனைகள் உள்ளன. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று நாம் சொன்னாலும், நுண்ணளவில் பார்த்தால் சில மேடுகள் மட்டுமே தொடுகின்றன. ஓயாத சிற்றதிர்வினால் அம்மேடுகள் உராய்ந்து, ஆக்சைடு தூளாகச் சேர்ந்து, தொடுமின்தடை கணத்துக்குக் கணம் மாறும். என் பட்டையில் ஒவ்வொரு தரவுக்கம்பியிலும் நொடிக்கு 133 கோடி முறை தகவல் மாறுகிறது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் தொடர்பு விட்டால்கூட 13 இலட்சம் முறை மாறவேண்டியவை ஐயத்துக்குரியவை ஆகின்றன. அவற்றுள் ஒன்று இயக்கமுறையின் முகவரியாக இருந்துவிட்டால் நீலத்திரை.

இங்கே ஒரு சிறு செய்தி. பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்பவர் வார இறுதியில் கணிப்பொறிக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போவாராம். ஆளில்லாத நேரத்தில் பிழை கண்டால் அது அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு அதைத் திருத்தத் தெரியக்கூடாதா என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 1950-இல் அவர் வெளியிட்ட திருத்தக் குறிமுறை. அவ்வழியில் வந்த முறையால்தான் பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளில் 64 பிட்டுக்கு 8 பிட் காவல் வைக்கிறார்கள். ஒரு பிட் மாறினால் அதுவே திருத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் அந்தக் காவல் இல்லை.

பழுது பட்டையிலா, பொருத்துவாயிலா? இதற்கு நான்கு சோதனை போதும். முதல் பட்டையை மட்டும் முதல் வாயில் பொருத்தித் தறியை ஓட்டினோம், பிழையில்லை. இரண்டாம் பட்டையை அதே வாயில், பிழையில்லை. இரண்டாம் வாயில் எந்தப் பட்டையை வைத்தாலும் சிவப்பு வரிகள். எனவே பட்டைகள் இரண்டும் நல்லவை. கைவிளக்கை வைத்துப் பார்த்தபோது இரண்டாம் வாயின் ஒருபக்கப் பிடிக்காது விரிசல் விட்டிருந்தது. அடியில் பஞ்சிழை சிக்கியிருந்தது. இடம் மாற்றித் தூக்கியபோது விரிந்ததா, இணைய மையத்திலேயே விரிந்திருந்ததா என்று சொல்ல வழியில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் துடைத்துப் பார்த்தேன். பிழை குறைந்ததே தவிர நிற்கவில்லை. அந்த வாயை விட்டுவிட்டு, நான்கு ஜிபி பட்டை ஒன்றை இரண்டாங்கை விலையில் 500 ரூபாய்க்கு வாங்கி முதல் வாயில் பொருத்தினேன். பெஞ்சியைத் தறியிலிருந்து ஒரு முழம் விலக்கி, கால்களுக்கடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார் தந்தையார்.

பிறகு பகல் முழுதும் தறியும் மெம்டெஸ்டும் சேர்ந்தே ஓடின. ஒரு பிழையும் இல்லை. 6,500 ரூபாய் என்றது 600 ரூபாயில் முடிந்தது.

நம் மாணவர் பலர் வீட்டில், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினி இன்னும் இருக்கும். அதுவும் இவ்வாறு நின்றால், பிழைப்பெயரோடு அது இருக்கும் இடத்தையும், அண்மையில் அங்கே மாறியவற்றையும் குறித்து வையுங்கள். திறப்பதற்கு முன் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஏதேனும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கிவிடுங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சோதனையை, அது வழக்கமாக விழும் நேரத்தில், விழும் இடத்திலேயே செய்யுங்கள். மெம்டெஸ்ட் ஏற்றிய விரலி என்னிடம் இருக்கிறது; வேண்டுவோர் இயற்பியல் ஆய்வகத்தில் மதிய இடைவேளையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. முன்னறை இன்னும் அவர்களிடம்தான். இக்கட்டுரையைத் தறியறையில், பகல் இரண்டு மணிக்கு, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தேன்.