பளிக்கறை முதல் அறக்கோட்டம் வரை

நுழையும்முன்

அஞ்சி நடுங்கும் ஒருவர் அறியாத நிலத்திற்குப் பயணம் சென்று, அங்கே அரிய பொருளொன்றைப் பெற்று, துணிவுடையவராய் ஊர் திரும்பும் கதைகள் உலக மொழிகள் பலவற்றில் உள்ளன. மாயமும் வியப்பும் நிறைந்த இத்தகைய தேடல் கதைகளை இன்று நாவல்களாகப் படிக்கிறோம்; திரைப்படங்களாகப் பார்க்கிறோம். தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்படியொரு கதை காப்பியமாக உருப்பெற்றது. அதன் தலைவி வாளேந்திய வீரன் அல்லள். மலர் பறிக்கச் சென்ற இடத்தில் தேரொலி கேட்டு நடுங்கிய இளம்பெண். அவளது அச்சம் துணிவாக மாறிய வரலாற்றை இப்பாடம் ஆராய்கிறது.

சிறையும் கஞ்சித்தொட்டியும்

வடசென்னையின் இராயபுரத்தை ஒட்டிப் பழைய சிறைச்சாலைச் சாலை என்றொரு தெரு உள்ளது. ஸ்டான்லி மருத்துவமனை அமைந்திருப்பது இச்சாலையில்தான். இம்மருத்துவமனையை அப்பகுதி முதியோர் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்றே வழங்குவர். இப்பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சத்தின் வரலாறு உண்டு. ஐதர் அலியின் படையெடுப்பால் நாட்டுப்புறங்கள் பாழ்பட்டபோது, பசியால் வாடிய மக்கள் சென்னை நகரை நோக்கித் திரண்டனர். அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782ஆம் ஆண்டளவில் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். பசியாற்றிய அவ்விடத்தை ஒட்டியே பின்னாளில் நோய் தீர்க்கும் இடமும் வளர்ந்தது. சாலைக்குப் பெயர் தந்த பழைய சிறை இருந்த வளாகத்தில் இன்று பாரதி மகளிர் கல்லூரி இயங்குகிறது.

பசித்தோர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருந்து, சிறை இருந்த இடத்தில் கல்வி. இம்மூன்றும் ஒரே தெருவில் அமைந்திருப்பதைக் காணும் தமிழ் மாணவருக்கு மணிமேகலை நினைவுக்கு வருவது இயல்பே. பசியைப் பிணி என்று கண்டவள் அவள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவளும் அவளே. ஆனால் அவள் தொடக்கத்திலிருந்தே துணிவுடையவளாய் இருந்தாளா? இல்லை என்கிறது காப்பியம்.

உருவம் தெரியும், குரல் கேளாது

கோவலனும் கண்ணகியும் அடைந்த துயரைத் தாய் மாதவி சொல்லக் கேட்டு மணிமேகலை கண்ணீர் விடுகிறாள். அக்கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையை நனைக்கிறது. வழிபாட்டிற்குப் புதுமலர் வேண்டும் என்பதற்காகத் தோழி சுதமதியுடன் அவள் மலர்வனம் செல்கிறாள். காப்பியத் தலைவியை நாம் முதலில் காண்பது இத்தகைய மெல்லிய நிலையில்தான்.

மலர்வனத்தில் தேரொலி கேட்கிறது. வருபவன் சோழ இளவரசன் உதயகுமரன். அவன் தன்மேல் கொண்ட விருப்பத்தை முன்பே அறிந்த மணிமேகலை நடுங்குகிறாள். சுதமதி அவளை அங்கிருந்த பளிங்கு மண்டபத்துள் புகச் செய்கிறாள். அம்மண்டபத்திற்கு வியப்பான இயல்பொன்று உண்டு. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். அவரது குரல் வெளியே கேளாது.

சாத்தனார் இம்மண்டபத்தைக் கதையின் வசதிக்காக மட்டும் படைத்தார் என்று கொள்ள இயலாது. கணிகையர் குலத்தில் பிறந்தவள் என்ற காரணத்தால் ஊரார் அவளது அழகைக் கண்டனர். அவளது விருப்பம் யாதென எவரும் கேட்கவில்லை. பாட்டி சித்திராபதி அவளை ஆடலரங்கிற்கு உரியவள் என்றாள். இளவரசன் தனக்கு உரியவள் என்றான். காணப்படுபவளாகவும் கேட்கப்படாதவளாகவும் இருந்த அவளது நிலைக்குப் பளிக்கறையினும் பொருத்தமான உவமை வேறில்லை.

அவளது அச்சத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. இளவரசன் அகன்றபின் அவள் சுதமதியிடம் தன் உள்ளத்தை மறைக்காமல் திறந்து காட்டுகிறாள். கற்பற்றவள், தவமற்றவள், விலைக்கு உரியவள் எனத் தன்னை இகழ்ந்தவன் பின்னே தன் நெஞ்சம் சென்றது என்கிறாள். புறத்தே நிற்கும் பகையை மட்டும் அஞ்சுபவர் ஓடி ஒளியலாம். தன் நெஞ்சையே அஞ்சுபவர் எங்கே ஒளிவது? அறிந்த ஒன்றைத் தோழியிடம் ஒளிக்காமல் சொன்ன அந்த நேர்மையே அவளது துணிவின் முதல் வித்து எனலாம்.

மணிபல்லவத்தில் ஒரு விடியல்

அன்றிரவு கடற்காவல் தெய்வமாகிய மணிமேகலா தெய்வம் தோன்றுகிறது. உறங்கும் மணிமேகலையை வான்வழியே தூக்கிச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ள மணிபல்லவத் தீவில் கிடத்துகிறது. இத்தீவு இலங்கையின் வடபால் உள்ள நயினாதீவே என அறிஞர் பலர் கருதுவர்.

விடியலில் கண்விழித்தவள் முன்னே மணலும் கடலும் மட்டுமே உள்ளன. அவள் சுதமதியைப் பெயர் சொல்லிக் கூவுகிறாள், விடை இல்லை. மறைந்த தந்தையை நினைந்து அழுகிறாள். பேரரசியின் கம்பீரத்தையோ தேவமகளின் அமைதியையோ அவளுக்கு ஏற்றிச் சொல்லாமல், திசை தெரியாமல் தவிக்கும் பெண்ணாகவே சாத்தனார் அவளைக் காட்டுகிறார். தலைவியின் அச்சத்தைக் குறையாகக் கருதி அவர் மறைக்கவில்லை.

அழுதவள் அழுதபடியே அமர்ந்துவிடவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. தீவில் தனியே நடக்கிறாள். புத்த பீடிகையைக் காண்கிறாள். தன் முற்பிறப்பை உணர்கிறாள். அப்பிறப்பில் தன் கணவனாய் இருந்த இராகுலனே உதயகுமரனாகப் பிறந்துள்ளான் என அறிகிறாள். தன் நெஞ்சம் அவன்பின் சென்றதன் காரணம் இப்போது விளங்குகிறது. காரணம் விளங்கியதும் தன்மேல் அவளுக்கு இருந்த ஐயம் தணிகிறது. பின்னர் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருள்கிறது: வேற்றுருக் கொள்வது, வான்வழிச் செல்வது, பசியைப் பொறுப்பது.

வாள் அன்று, பாத்திரம்

தேடல் கதைகளில் தலைவன் பெறுவது பெரும்பாலும் படைக்கருவியாகவோ புதையலாகவோ இருக்கும். மணிமேகலை பெறுவது பிச்சைப் பாத்திரம். வைகாசி முழுநிலா நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து வெளிப்படும் அமுதசுரபியைத் தீவதிலகை அவளுக்குக் காட்டுகிறாள். அள்ள அள்ளக் குறையாது உணவு தரும் பாத்திரம் அது.

அதன் முன்வரலாற்றை அறவண அடிகள் வாயிலாக அவள் கேட்கிறாள். அதனை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பெய்து வளம் பெருகியபோது அவனிடம் உணவு கேட்பார் இல்லாமற் போயினர். உண்போரைத் தேடி அவன் கப்பலேறினான். மணிபல்லவத்தில் இறங்கியிருந்தபோது கப்பல் அவனை விட்டுச் சென்றது. பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தைக் கொண்டு தான் மட்டும் உண்டு வாழ விரும்பாத அவன், அதனைப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். ஆகவே, அமுதசுரபி தனக்கென வாழாதவரின் கையில் மட்டுமே பொருளுடையதாகும் பாத்திரம்.

புகார் திரும்பிய மணிமேகலை ஆதிரையிடம் முதல் பிச்சை ஏற்கிறாள். யானைத்தீ என்னும் தீராப்பசியால் வருந்திய காயசண்டிகையின் நோயைத் தீர்க்கிறாள். உலகவறவி என்னும் ஊரம்பலத்தில் கண்ணிழந்தோரும் காலிழந்தோரும் ஆதரவற்றோரும் அவளைச் சூழ்கின்றனர். உதயகுமரன் வருவான் என்ற அச்சம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. எனினும் கையில் பாத்திரமும் எதிரில் பசித்த முகங்களும் இருக்கும்போது அச்சத்தைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. துணிவு வந்தபின் தொண்டு செய்யலாம் என அவள் காத்திருக்கவில்லை. தொண்டு செய்யச் செய்யத் துணிவு வந்தது.

தெரியுமா?

பசியோடு கல்வி கற்க இயலாது என்பதை உணர்ந்து, 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. அப்போது மாநகராட்சியின் தலைவராய் இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாய் விரிந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆதல்

உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவம் கொள்கிறாள். அவ்வுருவிலேயே சிறைக்கோட்டம் புகுந்து கைதிகளின் பசி தீர்க்கிறாள். ஒரே பாத்திரத்தால் அத்துணைப் பேருக்கும் உணவளித்த வியப்பைக் காவலர் மன்னனிடம் உரைக்கின்றனர். மன்னன் அழைத்து, வேண்டுவது யாதென வினவுகிறான். பொன்னும் நிலமும் கேட்டிருக்கலாம். தன்னைத் துன்புறுத்தும் இளவரசனைத் தடுக்கும்படியும் வேண்டியிருக்கலாம். அவளோ சிறையை அறக்கோட்டமாக்கும்படி கேட்கிறாள். பளிக்கறையுள் குரலடங்கி நின்றவள், அரசவையில் பிறர்க்காகக் குரல் எழுப்புகிறாள்.

அவளது பாதை அதன்பின் எளிதாகிவிடவில்லை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், உதயகுமரன் தன் மனைவியை விரும்புவதாகப் பிறழ உணர்ந்து அவனை வாளால் வீழ்த்துகிறான். மணிமேகலை துயரத்தில் ஆழ்கிறாள். மன்னன் அவளைச் சிறையிலிடுகிறான். மகனை இழந்த அரசி இராசமாதேவி, பரிவு காட்டுவதுபோல் அவளைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு பழிவாங்க முனைகிறாள். அறிவை மயக்கும் மருந்து ஊட்டப்படுகிறது. மானத்திற்குக் கேடு சூழப்படுகிறது. உணவின்றி அறையில் அடைக்கப்படுகிறாள். ஊருக்கெல்லாம் உணவளித்தவள் பசியோடு பூட்டிய அறையில் கிடக்கிறாள். மந்திரங்களும் தெளிந்த உள்ளமும் அவளைக் காக்கின்றன.

அரசி வியந்து நடுங்கியபோது மணிமேகலை பழிக்குப் பழி நினைக்கவில்லை. உடல் அழியினும் உயிரின் பயணம் தொடரும் என உணர்த்தி, எல்லா உயிர்களிடத்தும் அன்பு செலுத்துவதே மகனிடம் கொண்ட அன்பின் நிறைவு எனத் தேற்றுகிறாள். துன்புறுத்தியவரின் துயரைக் காணும் இவ்வாற்றலே அவள் துணிவின் உச்சம்.

துணிவின் இலக்கணம்

ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 1937இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ நாவலின் தலைவன் பில்போ, வீட்டுச் சுகத்தை விரும்பும் அச்சமுள்ளவன். டிராகன் என்னும் கொடிய உயிர் காக்கும் புதையலைத் தேடி அரைமனத்துடன் புறப்படுகிறான். இறுதியில் போரைத் தடுக்கத் தன் கைக்கு வந்த அரிய மணியையே விட்டுக்கொடுக்கிறான். காலத்தாலும் மொழியாலும் தொலைவில் நிற்கும் இரு கதைகளும் ஓர் உண்மையில் ஒன்றுபடுகின்றன. அஞ்சுபவரின் துணிவு பிறரை வெல்வதில் அன்று, தனக்கு உரியதைப் பிறர்க்கு அளிப்பதில் வெளிப்படுகிறது.

துணிவு ஒருநாளில் கைகூடுவதும் இல்லை. பின்னாளில் வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்க விரும்பிய மணிமேகலை, இளம்பெண் என எண்ணி அவர்கள் மெய்ப்பொருள் உரையார் எனக் கருதி மீண்டும் வேற்றுருக் கொள்கிறாள். உலகம் மாறும்வரை அவள் உபாயத்தைக் கைவிடவில்லை. இறுதியில் பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்குச் சென்று மக்களின் பசி தீர்க்கிறாள். அறவண அடிகள் முன் நின்று அறம் கேட்டு நோன்பு ஏற்கிறாள். பிறப்பு அவளுக்கு விதித்த வாழ்வு வேறு. அவள் தேர்ந்துகொண்ட வாழ்வு வேறு.

மாணவர்களே! அவையில் பேச எழும்போது கால்கள் நடுங்கலாம். விரும்பிய கல்வியைப் பற்றி வீட்டில் சொல்லத் தயக்கம் ஏற்படலாம். அந்நடுக்கம் உங்களைத் தகுதியற்றவராக்கிவிடாது. தேரொலிக்கு நடுங்கிய பெண்ணே சிறைக்கதவைத் திறந்தாள். நம் கையில் அமுதசுரபி இல்லை. ஆயினும் எதிரில் உள்ளவரின் தேவையைக் காணும் கண் உண்டு. அதிலிருந்தே நம் துணிவும் தொடங்கலாம்.

நூல்வெளி

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை, ‘மணிமேகலைத் துறவு’ எனவும் வழங்கப்படும். இதனை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். 30 காதைகளைக் கொண்ட இந்நூல் பௌத்த அறத்தை எடுத்துரைக்கிறது. சிலப்பதிகாரக் கதையின் தொடர்ச்சியாக அமைந்ததால் இவ்விரண்டும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படும். உ.வே.சாமிநாதர் 1898இல் இதனைப் பதிப்பித்தார்.

கற்பவை கற்றபின்...

1. ‘பளிக்கறை’ மணிமேகலையின் நிலைக்கு எவ்வாறு குறியீடாகிறது? உங்கள் கருத்தை வகுப்பில் உரையாற்றுக.
2. மன்னனிடம் மணிமேகலை கேட்ட வரத்தையும், அவள் கேட்டிருக்கக்கூடிய பிற வரங்களையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் உள்ள சத்திரம், அன்னதானக்கூடம் அல்லது பழைய கட்டடம் ஒன்றின் பெயர்க்காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.