நூற்றைந்தா, நூற்றுப்பத்தா? பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்குமுன்

ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் பேஸ் கிட்டார் வாசிக்கிற இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை திரும்பத் திரும்ப வரும்: ஈ கம்பி லொடலொடவென்று கிடக்கிறது, சத்தத்தில் பாரம் இல்லை. அதற்கு அவர்கள் காதில் விழும் வைத்தியமும் ஒன்றே. 45-105 செட்டைக் கழற்றிவிட்டு 50-110 போடு, ட்யூனிங்கை மாற்றத் தேவையில்லை, சத்தம் தானாகக் கனக்கும் என்பார்கள். சிலருக்கு அது பலிக்கும். பலருக்கு விரல் நோகும், காசு போகும், ஈ கம்பி அப்படியேதான் இருக்கும்.

காசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி இறக்குமதிச் சாமான். 25 டாலர் விலையுள்ள ஒரு செட், 2022 நெருக்கடிக்கு முன் ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு. டாலர் 300 ரூபாயை ஒட்டி நிலைத்த பிறகு ஏழாயிரத்து ஐந்நூறு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு செட் கம்பி, ஒரு தாய் ஐந்தரை நாள் கொழுந்தெடுத்த கூலி. போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் மாற்றுவோம் என்று விளையாடக்கூடிய தொகை இல்லை இது. வாங்குமுன்பே தெரிந்துகொள்வதுதான் நல்லது.

செட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் கம்பியின் பருமன். அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 105 பங்கு என்று பொருள்; மில்லிமீற்றரில் 2.67. நூற்றுப்பத்து என்பது 2.79. ஒரே நீளத்தில், ஒரே சுருதியில் கம்பியின் இறுக்கம் அதன் எடையைப் பொறுத்தது. எடையோ, தோராயமாக, பருமனின் வர்க்கத்தோடு ஏறும். இப்போது கணக்குப் போடுங்கள். ஈ கம்பி 105இலிருந்து 110 ஆனால் இறுக்கம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஏ கம்பி 85இலிருந்து 90 ஆனால் 12 சதவீதம். டீ கம்பி 65இலிருந்து 70க்குப் போனால் 16. ஜீ கம்பி 45இலிருந்து 50க்குப் போகும்போது 23 சதவீதம். நான்குக்கும் ஐந்தைந்துதான் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் மெல்லிய கம்பிக்கு அந்த ஐந்து மிகப் பெரிய ஐந்து. நீங்கள் குறைப்பட்டது ஈ கம்பியைப் பற்றி. போய் இறுகியதோ ஜீ கம்பி.

இன்னொரு கணக்கும் உண்டு. கடையில் எவரும் இதைச் சொல்வதில்லை. திறந்த ஜீ 98 ஹெர்ட்ஸ், திறந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் ஈ கம்பி, ஜீயைப்போல் 2.38 மடங்கு பருமன் இருக்க வேண்டும். 45ஐ 2.38ஆல் பெருக்கினால் 107. அதாவது சாதாரண 45-105 செட்டில் ஈயும் ஜீயும் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கின்றன. 50ஐப் பெருக்கிப் பாருங்கள், 119 வரும். செட்டில் இருப்பதோ 110. கனத்த செட்டைப் போட்ட பிறகு ஜீயோடு ஒப்பிட்டால் ஈ கம்பி 15 சதவீதம் தளர்வு. டாடாரியோ கம்பெனி சம இறுக்கச் செட் என்று தனியாக விற்பதன் அளவுகள் இதற்குச் சாட்சி: ஒன்று 45-60-80-107, மற்றது 50-67-90-120. ஈ கம்பிதான் உங்கள் கவலை என்றால் இந்த இரண்டாவது வகையைத் தேடுங்கள், அல்லது தனிக் கம்பி கிடைத்தால் 110 ஈ ஒன்றை மட்டும் வாங்கிப் பழைய அளவு மூன்றோடு சேருங்கள். எல்லாவற்றையும் கூட்டுகிற 50-110ஐவிட இது புத்திசாலித்தனம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் கம்பிக்குக் கை நீட்டுமுன் கிட்டாரைப் பாருங்கள். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் உரசியபடி நுழைய வேண்டும், 0.3 மில்லிமீற்றர் போல. கம்பி ஃப்ரெட்டில் படிந்தே கிடந்தால் நெக் நிமிர்ந்தோ பின்னால் வளைந்தோ இருக்கிறது. அப்போது ஈ கம்பி ஃப்ரெட்டில் மோதி கரகரக்கும். கேட்பவருக்குக் கம்பி லூஸ் என்றே தோன்றும். நம் ஊர்க் காலநிலையில் இது அடிக்கடி நடக்கும். ஹட்டன், மஸ்கெலியா மலைச்சரிவுகளில் மே முதல் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றுகிறது. நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுகிறது. மரம் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் சுருங்கும், நெக் அசையும். ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினால் தீர்கிற குறைக்கு ஏழாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

சத்தத்தில் பாரம் இல்லை என்பது வேறு நோய். தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பேஸ் பெரும்பாலும் ஓர்கனும் ஒக்டபேடும் போகிற அதே பெட்டிக்குள்தான் போகிறது. எட்டு அங்குல, பத்து அங்குல ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தள்ளாது. அதில் நாம் கேட்பது பெரும்பாலும் அதன் இரண்டாம் மடங்கான 82 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலுள்ளவற்றையும்தான். கம்பி எவ்வளவு கனத்தாலும் ஸ்பீக்கர் தராததைத் தராது. பதினைந்து அங்குலப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையிருக்காது.

அப்படியானால் ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் கனத்த கம்பி யாருக்கு? அடித்து வாசிக்கிறவருக்கு. கனத்த கம்பி அதே அடிக்குக் குறைவாகவே ஆடும். ஃப்ரெட்டில் மோதுவது குறையும். ஒவ்வொரு சுரமும் திண்ணென்று விழுந்து நிற்கும். அயன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் விரல் நுனியால் குதிரை ஓட்டம் ஓடுகிறவர். அவர் பெயரில் ரோட்டோசவுண்ட் விற்கும் தட்டைச் சுற்றுச் செட் 50-75-95-110. மோடவுன் இசைத்தட்டுகளில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அற்புதம் செய்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரில் லா பெல்லா தரும் செட் 52-73-95-110. இருவரும் கனத்ததைத் தேர்ந்தது சும்மா சத்தத்துக்காக இல்லை, அவர்கள் கை அதைக் கேட்டது. பைலா வாசிக்கிற நம் பையன்களில் பலருக்கும் அந்தக் கை உண்டு. ஆறு எட்டுத் தாளத்தில் வேர்ச் சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மாற்றி மாற்றி இரவு முழுக்கக் குத்துகிறவர், ரெகே வாசிக்கிறவர், மேல் ஃப்ரெட்டுகளுக்கு அதிகம் போகாதவர் 50-110ஐத் தயங்காமல் எடுக்கலாம்.

இளையராஜா பாட்டுகளை வாசிக்கிறவர் எடுக்கக் கூடாது. சசிதரன் அந்தப் பாடல்களில் வாசித்த பேஸ், பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக ஓடுவது. டீயிலும் ஜீயிலும் ஏறி, வழுக்கி, பிருகாபோல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். 23 சதவீதம் இறுகிய ஜீ கம்பியில் அந்த நெளிவு வராது, மணிக்கட்டு வலிதான் வரும். இவருக்கு 45-105 போதும். கை மென்மையானால் 40-100கூட நல்லது. தகரக்கூரைத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால் மெதுவாக வாசிக்கிறவருக்கும் இதையேதான் சொல்வேன்.

பாடகர் குரலுக்காகக் குழு முழுவதும் அரைச் சுருதி இறக்கி வாசிப்பதுண்டு. அப்போது இறுக்கம் 11 சதவீதம் குறையும்; 110 கம்பி அந்தச் சுருதியில் தருகிற இறுக்கம், 105 கம்பி வழக்கமான சுருதியில் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம். வழக்கமாக இறக்கி வாசிக்கிற குழுவில் நீங்கள் இருந்தால் 110 உங்களுக்கு வெறும் சாதாரணச் செட். ஒரு முழுச் சுருதி இறக்குகிறவருக்கு அதுவும் போதாது.

முப்பது அங்குலக் குட்டி நீளப் பேஸ் வைத்திருப்பவர்களின் முறைப்பாடு நியாயமானது. வழக்கமான 34 அங்குலத்தோடு ஒப்பிட்டால் அதே கம்பி அதில் 22 சதவீதம் தளரும். அங்கே 50-110 சரியான மருந்து. குட்டி நீளத்துக்கென்று செய்த செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பருமனைவிட நான் அதிகம் வற்புறுத்துவது சுற்றைப் பற்றி. உருண்டைச் சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் மூடுபனி ஈரமும் புகுந்து ஓரிரு மாதத்தில் அதன் பளிச்சென்ற ஓசையைக் கொன்றுவிடும். தட்டைச் சுற்றில் அந்த இடுக்கு இல்லை. முதலில் விலை கூடுதல், ஓசையில் மினுக்கம் குறைவு, ஆனால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பழைய பொப்பிசைக்கும் பைலாவுக்கும் அந்த உருண்ட, மூடிய ஓசைதான் பொருத்தமும்கூட. இறுக்கம் வேண்டும், ஓசையில் பாரம் வேண்டும், அடிக்கடி வாங்க முடியாது என்கிறவர் கனத்த உருண்டைச் சுற்றை விட்டுவிட்டு நடுத்தரத் தட்டைச் சுற்றுக்குப் போகட்டும். ஸ்லாப் வாசிக்கிறவருக்கு மட்டும் இது ஆகாது.

கனத்ததென்று முடிவெடுத்துவிட்டால் நட்டை உற்றுப் பாருங்கள். 105க்கு வெட்டிய பள்ளத்தில் 110 கம்பி அடியில் உட்காராது. இரண்டு விளிம்பிலும் தோள் முட்டி மேலே தொங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கம்பிக்குக் கீழே மெல்லிய கீற்று தெரியும். அப்படித் தெரிந்தால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிற சுரம் சுருதி ஏறிக் கேட்கும். பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது; கை பழகிய ஒருவரிடம் கொடுங்கள். கூடிய இறுக்கம் நெக்கை முன்னால் இழுக்கும், ஆகவே ட்ரஸ் ரொட்டை வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாமல் இறுக்கி, மறுநாள் மீண்டும் கார்டை நுழைத்துப் பாருங்கள். பிரிட்ஜில் ஈ கம்பியின் சேடிலைச் சற்றுப் பின்னால் தள்ளி, பன்னிரண்டாவது ஃப்ரெட் சுரம் அதே இடத்து ஹார்மொனிக்கோடு ஒத்துப்போகிறதா என்று ட்யூனரில் சோதியுங்கள்.

திறந்த வெளியில் இரவுக் கச்சேரி என்றால் எந்தக் கம்பியானாலும் அரை மணி நேரம் முன்பே கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மேடையில் வையுங்கள். தப்படிக்கிறவர்கள் வாசிக்குமுன் தோலைத் தீயில் காய்ச்சி ஏற்றுவதைப்போல, நமக்கும் குளிரோடு ஒரு கணக்கு உண்டு: எஃகு குளிரில் சுருங்கும், சுருதி மேலேறும். வீட்டுக்குள் சேர்த்த சுருதியை நம்பி மேடையேற வேண்டாம். கழற்றிய பழைய செட்டை எறியாமல் சுருட்டி, எந்தக் கம்பி எது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டி, கிட்டார்ப் பையிலேயே போட்டுவையுங்கள். நள்ளிரவில் பொகவந்தலாவையில் கம்பி அறுந்தால் திறந்திருக்கிற கடை எதுவும் கிடையாது.