ஐந்து கிருதிகளும் ஒரு தாளமும்

கேள்வி: அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களை வார இறுதியில் வரவழைத்து, வெளியூர் இசை நடத்துநரின் கீழ் சேர்ந்து வாசிக்க வைக்கின்றனவாம். வயலின் கற்கும் என் மகளுக்கு நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அதே அமைப்பில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சேர்ந்து வாசிக்கும் அனுபவத்துக்குத் திருவையாறு இருக்கிறதே! தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனையில், பகுள பஞ்சமியன்று பஞ்சரத்ன கிருதிகளை நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ராகம் மாறினாலும் ஐந்துமே ஆதி தாளம்தான். நடுவில் நின்று கையசைக்க யாரும் வேண்டியதில்லை. தொடையில் விழும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் தட்டி, விரல் எண்ணி, திருப்பிப் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களும் கூடவே பாடுவார்கள். மகளை அவசியம் அழைத்துப் போங்கள்.

முதலில் நாட்டை கிருதியை மட்டும் பாடமாக்கட்டும். சரணத்தின் ஸ்வரப் பகுதிகளை இரண்டு மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துப் பழகினால், அடுத்தவர் வில்லைக் கேட்டு வாசிக்கக் காது பழகும். மேற்கத்திய மெட்டும் வேண்டுமென்றால், திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் உண்டு. குழுவாக வாசிக்க அவை மிகவும் எளிது. திருவாரூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலும் விசாரியுங்கள்.