கடல் கடந்து படிக்கப் போகுமுன் மன்னாரில் ஒரு முன்பாடம்

உங்கள் தோட்டத்திலிருந்து பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு தமிழ்நாட்டுக்குப் படிப்புப் பயணம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போட் வந்தாச்சு, விசா வந்தாச்சு, சூட்கேசும் கட்டியாச்சு. மனசு தயாரா என்று கேட்டால், "நம்ம பாஷை பேசுற ஊருதானே, என்ன பயம்?" என்கிறார்கள். அங்கேதான் வழுக்கும்.

பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பிள்ளைகூட முதல் மாதம் அழத்தானே செய்கிறது? புருஷன் நல்லவன், மாமியாரும் நல்லவள். ஆனாலும் தண்ணீர்ப் பீலி வேறு, அடுப்பு வேறு, பேச்சு வேறு. இதைத்தான் படித்தவர்கள் கலாசார அதிர்ச்சி என்கிறார்கள். காலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1960இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புது இடத்தில் முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எல்லாமே எரிச்சலாக மாறும், அதன் பின்தான் மெல்லப் பழகும் என்பது அவர் கண்டது. இரண்டாவது கட்டம் வருமென்று முன்கூட்டியே தெரிந்தவன் தடுமாறினாலும் விழமாட்டான்.

தெரியாமல் போனவர்களின் கதை நம் குடும்பங்களிலேயே இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தியாவுக்கு அனுப்ப ஒதுக்கிய தொகை 5,25,000 பேர். மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள் கொதிக்கிற மணலில் நின்றார்கள். இங்கே 'இந்தியாக்காரன்' என்ற பெயர்; அங்கே போனதும் 'சிலோன்காரன்'. 1968இல் தமிழ்நாடு அரசு இவர்களுக்காக நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கொழுந்து பழகிய கொழுந்துதான், ஊர்தான் பழகவில்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. போகிற இடம் எப்படியிருக்கும் என்று அவர்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் துயரம் முழுதும் தீர்ந்திருக்காது. பாதி குறைந்திருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒரு குழுவை ஒரு தயாரிப்பும் இல்லாமல் அனுப்பினோம். நான்காம் நாள் ஒரு யுவதி சாப்பிட மறுத்தார். காய்ச்சலென்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, தங்கிய வீட்டில் ஒரு பாட்டி அன்பாகத்தான், "நீங்கள்லாம் என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்டிருக்கிறார். பிள்ளை பதில் தெரியாமல் ஒடுங்கிவிட்டது.

ஆகவே இப்போது பத்து விரிவுரைக்குப் பதிலாக, குழுவை முதலில் இரண்டு நாள் மன்னாருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறோம். நாடு நம் நாடுதான், ஆனால் எல்லாம் வேறு. கம்பளிச் சட்டை வேண்டாம், குடை வேண்டும். சில கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கும். தெருவில் கழுதைகள் தம் பாட்டில் திரியும். பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்க மரத்தைப் பார்த்தால், மரம்தானா என்று கேட்கத் தோன்றும். கோவில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் உள்ள ஊரில் எங்கே செருப்பைக் கழற்றுவது, எங்கே தலையை மூடுவது என்று அங்குள்ளவர்களிடமே கேட்டுப் பழகலாம். கேட்கப் பழகுவதுதான் முக்கிய பாடம். மாலையில் இறங்குதுறைப் பக்கம் போய், முப்பது கிலோமீட்டர் அளவே அகலமான அந்தக் கடலைப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது கூட வந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். 2023 ஜூலை 28இல் தொடங்கி மாத்தளை வரை போன மலையக மக்களின் நடைபயணமும் தலைமன்னாரிலிருந்துதான் புறப்பட்டது.

பேச்சையும் ஒத்திகை பாருங்கள். அங்கே கோச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டால் கொச்சி என்ற ஊரைக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ட்ரெயின் என்று சொல்லுங்கள். பாண் என்றால் கடைக்காரர் முழிப்பார், பிரட் என்றால் கொடுப்பார். "கறி சாப்பிடுவீங்களா?" என்றால் பெரும்பாலும் இறைச்சியைத்தான் கேட்கிறார்கள். டீ என்றால் பால் போட்டே வரும். நமக்குச் சிரிப்பு வரும், அவர்களுக்கும் வரும், சிரித்துக்கொள்வதில் குற்றமில்லை.

சாதிக் கேள்விக்கு ஒரே பதிலைக் குழுவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "நாங்க இலங்கை மலையகம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க." மேலே கேட்டால் பேச்சை மாற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே இருவர் இருவராக ஜோடி சேர்க்கிறோம். இரவில் அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு எது வலித்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் திட்டாதீர்கள், அது வரவேண்டிய நாள்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு வேலை உண்டு. திரும்பி வந்த பிள்ளை ஒரு வாரம் லயத்தைக் குறை சொல்லும், "அங்கெல்லாம் இப்படி இல்ல" என்று ஆரம்பிக்கும். தலைக்கனம் என்று நினைக்காதீங்க. ரொட்டியும் சம்பலும் வைத்துக் கொடுத்து, முழுக்கதையையும் கேளுங்க.