கம்பார் போர்: மேசை மீது ஒரு பாடம்

வரலாறு என்றால் ஆண்டுகளை மனனம் செய்வது என்றே எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் ஈப்போவில் நண்பர்களோடு ஒரு போரை மேசையில் ஆடிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

இம்முறை புதிதன்று. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடமும் பகடையும் கொண்டு ராணுவத்தினருக்குப் பயிற்சி தரும் விளையாட்டை வெளியிட்டார். நாங்கள் எடுத்துக்கொண்டது பேராக்கில் நடந்த கம்பார் போர்.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். வடக்கிலிருந்து பின்வாங்கிய 11ஆவது இந்தியப் படைப்பிரிவு, டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் எதிரியைத் தடுத்து நின்றது. பிரிட்டிஷாரோடு பஞ்சாபியரும் கூர்க்காக்களும் அங்குப் போரிட்டனர். குன்றுகளை எதிரியால் முழுதாகக் கைப்பற்ற முடியவில்லை. ஆனால், ஜனவரி 1இல் ஊத்தான் மெலிந்தாங்கில் ஜப்பானியர் படகுகளில் வந்திறங்கினர். மறுநாள் தெலுக் இந்தானும் (அன்று தெலுக் ஆன்சன்) அவர்கள் வசமானது. பின்புறச் சாலை துண்டிக்கப்படும் என்பதால் படை கம்பாரைக் கைவிட்டது.

மணிலா அட்டையில் லூமூட் முதல் சிலிம் ரிவர் வரை வரைந்து, அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தோம். போத்தல் மூடிகள் படைகள். ரப்பர் கொட்டைகள் படகுகள். ஒரு சுற்று அரை நாள். மொத்தம் எட்டுச் சுற்றுகள். விதிகள் இவை:

1. சமவெளியில் தாக்குபவருக்குப் பகடையில் நான்கு விழ வேண்டும்; ரப்பர் தோட்டத்தில் ஐந்து, ஏனெனில் மரங்கள் மறைவு தரும்; குன்றில் ஆறு.

2. ஜப்பானியத் தரப்பு, கரையிறங்கும் இடத்தை முதலிலேயே தாளில் எழுதி மடித்து வைக்கும். ஐந்தாம் சுற்றில் பிரிக்கும்.

3. கரையில் காவல் இருந்தால் படகுக்கு ஐந்து தேவை. காவல் இல்லையேல் பகடையே வேண்டாம்.

ஐந்து முறை ஆடினோம். நான் பிரிட்டிஷ் தரப்பு. எல்லா மூடிகளையும் குன்றில் வைத்தேன். கடல் வழியாகத் தோற்றேன். பாதியைக் கரைக்கு அனுப்பினேன், குன்று போயிற்று. ‘பின்வாங்கினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்த நெருக்கடி அப்போதுதான் புரிந்தது. பினாங்கைக் கைவிட்டபோது அழிக்காமல் விட்ட சிறு படகுகளும் மேற்குக் கரைத் தாக்குதலுக்கு உதவின. கொட்டைகளில் பாதியை எடுத்துவிட்டு ஆறாம் முறை ஆடினோம். கம்பார் எட்டாம் சுற்று வரை நின்றது!

அப்போது பாட்டி வந்து அட்டையைப் பார்த்தார். “இந்தப் பச்சை என்னடா?” என்றார்.

“தோட்டம், பாட்டி. ஆமிக்காரன் ஒளியுற இடம்.”

“அங்க ஆளுங்க இல்லையா?”

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943இல் முடிந்தது, அவர் திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரவர் கதி அதுதான்.

எங்கள் விதிகளில் தோட்டம் என்பது பகடையில் கூடுதலாக ஓர் எண், அவ்வளவே. அன்றிரவு பாட்டி சொல்லச் சொல்ல, பச்சைக் கட்டங்களில் தோட்டப் பெயர்களை எழுதினேன். பாட்டி பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அதன் பழைய பெயர் இப்போது எங்கள் அட்டையில் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் ஊர்ப் போரையும் இப்படி ஆடிப் பாருங்கள். ஆனால், அட்டையை வரையும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.