மூன்று சிறுதோட்டங்களுக்கு ஓர் ஆள்: வாரக் கணக்கு

மலேசியாவின் ரப்பர் நிலத்தில் மிகப் பெரும் பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களின் கையில் உள்ளது. பெருந்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. அதனால், பால்மரம் வெட்டத் தெரிந்த ஒருவரே இரண்டு மூன்று பேருடைய மரங்களை வெட்டிக் கொடுக்கும்படி நேருகிறது. உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் மரங்களை மட்டுமே நினைக்கிறார். மூவருக்கும் ‘ஆகட்டும்’ என்று தலையசைத்து வந்த தொழிலாளியோ, வாரக் கடைசியில் மூவரிடமும் பேச்சு வாங்குகிறார். இச்சங்கடத்தைத் தவிர்க்கும் கணக்கு ஒன்றை இங்குக் காண்போம்.

முதலில், நாம் எதைப் பங்கிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பங்கிடப்படுவது விடியற்காலை. மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். புல் வெட்டுவதையும் உரம் போடுவதையும் பிற்பகலுக்குத் தள்ளலாம். பால் வெட்டைத் தள்ள முடியாது. ஆகவே, ஓய்வுநாள் ஒன்று போக, ஒரு தொழிலாளியிடம் வாரத்திற்கு ஆறு விடியற்காலைகளே உண்டு. எவருக்கு வாக்களித்தாலும் அந்த ஆறிலிருந்துதான் அளிக்கிறோம்.

இனி மரத்தின் கணக்கு. வெட்டிய மரம் இழந்த பாலை மீண்டும் ஊறவைத்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் அவகாசம் தேவை. அவகாசம் தராமல் வெட்டிக்கொண்டே போனால், பட்டை வறண்டு பால் வராமலே நின்றுவிடக்கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில் ஒரு பகுதிக்கு வாரம் 3 வெட்டு. ஓர் ஆள் 2 பகுதிகளைப் பார்க்கலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டும் முறையில் ஒரு பகுதிக்கு வாரம் 2 வெட்டு. ஓர் ஆள் 3 பகுதிகளைப் பார்க்கலாம். முதல் உரிமையாளருக்குத் திங்களும் வியாழனும், இரண்டாமவருக்குச் செவ்வாயும் வெள்ளியும், மூன்றாமவருக்குப் புதனும் சனியும் என்று ஆறும் சரியாக அடங்கிவிடும்.

மழை வராதவரை!

பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டினால் பால் வெட்டுக்காயின் வழியே இறங்காமல் பட்டை மேல் பரவி வீணாகும். வெட்டுப்பட்டையில் பூசண நோயும் பற்றும். ஆகையால் அன்றைய வெட்டு போனது போனதுதான். அந்த இழப்பை யார் ஏற்பது என்பதில்தான் சச்சரவுகள் பிறக்கின்றன. கிழமைப்படியே நடப்பது ஒரு வழி. திங்களன்று மழை பெய்தால் முதலாமவர் இழந்தார். செவ்வாயன்று இரண்டாமவர் பகுதிக்குப் போய்விடுவோம். இது எளிது; ஆனால் நியாயமானதா என்று பார்ப்போம். திங்களில் தொடங்கும் 30 நாள் மாதத்தில், நான்கு ஞாயிறு போக 26 வேலைநாள்கள் உண்டு. மூவருக்கும் முறையே 9, 9, 8 வெட்டுகள் விழும். அம்மாதத்தில் நான்கு மழைக்காலைகள் வந்து, நான்கும் முதலாமவர் கிழமைகளிலேயே வந்துவிட்டால், கணக்கு 5, 9, 8 என்றாகும். முதலாமவர் முகம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மழையைத் திட்டமாட்டார், வெட்டுகிறவரைத்தான் ஐயுறுவார்.

கிழமையை விட்டு வரிசையைப் பிடிப்பது மற்றொரு வழி. திங்களன்று மழையென்றால் செவ்வாயன்று முதலாமவர், புதனன்று இரண்டாமவர், வியாழனன்று மூன்றாமவர் என்று எல்லாரும் ஒருநாள் பின்னே நகர்வர். சனிக்கிழமை எவரிடம் நின்றதோ, அவருக்கு அடுத்தவரிடம் திங்கட்கிழமை தொடங்கும். அதே மாதத்தில் எஞ்சிய 22 காலைகள் 8, 7, 7 என்று பிரியும். எவருக்கும் ஒரு வெட்டுக்கு மேல் வேறுபாடு வராது. எந்த மரமும் மூன்று நாளுக்கு முன்னர் கத்தியைக் காணாது. இம்முறையையே நாம் பரிந்துரைப்போம். ‘என் நாள் எது?’ என்று உரிமையாளர் கேட்டால் கிழமையைச் சொல்ல முடியாமல் போவது இதன் குறை. எழுதிய தாள் ஒன்று அக்குறையைத் தீர்க்கும்.

சிலர், இழந்த பகுதியையும் அன்றைய பகுதியையும் ஒரே காலையில் வெட்டி ஈடுகட்ட முயல்கின்றனர். இரண்டாவது பகுதியைத் தொடும்போது வெயில் ஏறியிருக்கும். அவசரத்தில் கத்தி ஆழம் போய்ப் பட்டைக்குள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். அங்கே மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாய் எழும். பின்னாளில் அதில் வெட்டுவது பெரும்பாடு.

நான்காவது உரிமையாளர் வந்து கேட்டால் என்ன செய்வது? வாரம் இரண்டு வெட்டு என்றால் நால்வருக்கும் எட்டுக் காலைகள் வேண்டும், இருப்பவை ஆறு. நான்கு நாளைக்கு ஒருமுறை வெட்டும் முறைக்கு எல்லாருமே இசைந்தால், இரண்டு வாரத்தின் 12 காலைகளில் ஒவ்வொருவருக்கும் 3 வெட்டு அளிக்கலாம். ஆனால் வெட்டு குறையும்போது விளைச்சல் சரியாமலிருக்க, பால் ஓட்டத்தைத் தூண்டும் எத்தெஃபோன் மருந்தை அளவறிந்து பூசுவது வழக்கம். முன்பே உள்ள மூவரின் சம்மதமும், தக்கவர்களின் ஆலோசனையும் இன்றி இதில் இறங்கலாகாது. சம்மதம் கிடைக்காவிட்டால் நான்காமவரிடம் ‘இயலாது’ என்று முதல் நாளே சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது. அவர் வேறு ஆள் தேடிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து நான்காமவரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த ஒருநாளில்தான் குழந்தைக்குச் சட்டை வாங்குவதும், முதியவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வதும், உடம்பு சற்றே படுப்பதும் நடக்கின்றன. சம்பளத்துக்கு வேலை செய்வோர்க்கு வாரம் ஒரு முழுநாள் ஓய்வைத் தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வகுத்துள்ளது. மாதம் பிறக்கும் முன்னரே ஓய்வுநாள் பட்டியலை முதலாளி அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வாரத்தின் வேலை நேர உச்சவரம்பு 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. பங்குக்கு வெட்டுவோர் நிலை அவரவர் உடன்பாட்டைப் பொறுத்தது. ஆதலின் ஓய்வுநாளை முதலிலேயே பேசித் தாளில் எழுதிவிட வேண்டும்.

அத்தாளுக்கு மூன்று பத்திகள் போதும்: தேதி, யாருடைய பகுதி, வெட்டா மழையா. மழைநாளை அன்றே குறித்துவிடுக. மாதக் கடைசியில் நினைவுபடுத்தி எழுதினால் ஒருவரும் ஒப்பமாட்டார். அதன் படி ஒன்றை மூன்று உரிமையாளர்களிடமும் கொடுத்து வைத்தால், தம் வரிசை எப்பொழுது வரும் என்பதை அவர்களே எண்ணிக்கொள்வர்.